எக்ஸ்ரே நார்மல், ஆனால் அப்பாவின் சளி நிற்கவில்லை

கேள்வி: டாக்டர், என் அப்பாவுக்கு 68 வயது. முப்பது வருஷத்துக்கு மேல் பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பீடி குடித்துக்கொண்டிருந்தார், விட்டு ஆறு வருஷம் ஆகிறது. காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் காறிக் காறித் துப்பினால்தான் அவருக்குப் பொழுது விடியும். மார்கழி, தை மாதங்களில் ரொம்ப அதிகம். இப்போது மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இரண்டு முறை எக்ஸ்ரே எடுத்துவிட்டோம், நார்மல் என்கிறார்கள். அம்மாவுக்கு 61 வயது. சளியே கிடையாது. ஆனால் நாலைந்து மாதமாக வறட்டு இருமல், ராத்திரியில் தூங்க முடியவில்லை. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். எங்கள் தெருவில் அறுபது தாண்டியவர்களில் பாதிப் பேர் இருமிக்கொண்டுதான் இருக்கிறார்கள். "வயசானா அப்படித்தான்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா? எவ்வளவு பேருக்கு இப்படி இருக்கும்?
— ஒரு வாசகி, ராஜபாளையம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எவ்வளவு பேருக்கு என்று கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். பெரியவர்களுக்கு எட்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அதை நாள்பட்ட இருமல் என்கிறோம். பல நாடுகளில் எடுத்த கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தால், பெரியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அது இருக்கிறது. இதற்கென்று சிறப்பு மருத்துவர்களைத் தேடி வருபவர்களில் ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள்தான் அதிகம். அதிலும் பெண்கள் அதிகம். சளியோடு வரும் இருமலுக்கு வேறு அளவுகோல் உண்டு. வருஷத்தில் மூன்று மாதமாவது பெரும்பாலான நாட்களில் நெஞ்சுச் சளி வந்து, அடுத்தடுத்து இரண்டு வருஷம் அப்படி நடந்து, அதற்கு வேறு நோய் எதுவும் காரணமில்லை என்றும் ஆகிவிட்டால், நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி என்று பெயர் வைப்போம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அப்பா அந்த மூன்று மாதக் கணக்கை எப்போதோ தாண்டிவிட்டார்.

இந்த எண்ணிக்கைகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை பேருக்கு இருக்கிறது என்பது எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும். 1952 டிசம்பரில் லண்டனை மூடிய புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்த பிறகு, அந்நாட்டில் நாள்பட்ட சளியைப் பற்றித் தீவிரமாக ஆராய்ந்தார்கள். 1960-ல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஒரு கேள்வித்தாள் வெளியிட்டது. அதில் "உங்களுக்குச் சளித்தொல்லை உண்டா?" என்று கேட்கவில்லை. குளிர்காலத்தில் காலையில் எழுந்ததும் நெஞ்சிலிருந்து சளி வருமா என்று கேட்டார்கள். கேட்பவருக்கும் குறிப்பு கொடுத்தார்கள்: மூக்குச்சளியைச் சேர்க்காதே, முதல் சிகரெட்டோடு வருவதைச் சேர்த்துக்கொள், விழுங்கிவிடும் சளியையும் எண்ணிக்கொள். இன்றைக்கும் அதுதான் சரியான கேள்வி. "இருமல் இருக்கா?" என்றால் "அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்பார் பீடி குடிப்பவர். "காலையில வாய் கொப்பளிக்கும்போது கோழை வருமா?" என்றால் "அது யாருக்குத்தான் வராது" என்பார். பெண்களோ நாலு பேர் எதிரில் துப்பக் கூச்சப்பட்டு விழுங்கிவிடுகிறார்கள், கணக்கிலேயே வருவதில்லை.

உங்கள் தெரு பஞ்சாலைத் தெரு. பஞ்சுத் தூசி, பீடி, ஒரு காலத்தில் விறகடுப்பு மூன்றும் சேர்ந்த இடத்தில் பத்தில் ஒருவரைவிட அதிகம் பேர் இருமினால் எனக்கு வியப்பில்லை. அவர்கள் எல்லோரும் ஒரே வயதுக்காரர்கள் என்பதைத்தான் தெருவில் கவனிக்கிறார்கள். எல்லோரும் ஒரே தூசியை முப்பது வருஷம் சுவாசித்தவர்கள் என்பது பேச்சில் வருவதில்லை. வயதுக்கு ஒரு பங்கு உண்டுதான். சளியை மேலே தள்ளும் நுண்ணிய மயிரிழைகளின் வேகம் வயதாக ஆகக் குறைகிறது. ஆனால் இருமல் உணர்ச்சியும் கூடவே மங்குகிறது. அதனால்தான் எண்பது வயதுக்காரருக்கு நிமோனியா வந்தால் இருமலே இல்லாமல் சாப்பாட்டை ஒதுக்குவது, ஆள் அடையாளம் தெரியாமல் குழம்பிப் பேசுவது என்று தொடங்கலாம். வயது மட்டுமே காரணம் என்றால் இருமல் குறைந்திருக்க வேண்டும்.

ஒரே வீட்டில் இருவர் இருமுவதால் இருவருக்கும் ஒரே நோய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அப்பாவின் பிரச்சினை வேறு, அம்மாவின் பிரச்சினை வேறு. ஆனால் இருவருக்கும் பொதுவாக முதலில் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: காசநோய் இல்லை என்று உறுதிசெய்வது. உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றாலே நம் நாட்டில் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் அவசரம். அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இது இலவசம். அப்பாவின் எக்ஸ்ரே நார்மல் என்பது நல்ல செய்திதான், ஆனாலும் சளியைக் கொடுத்துவிடுங்கள்.

சளி கொடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. பலர் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு "இல்லைன்னு வந்துடுச்சு" என்று நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். காலையில் எழுந்ததும், சாப்பிடும் முன், வெறும் தண்ணீரால் வாய் கொப்பளிக்க வேண்டும். இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்து நிறுத்தி, அடிநெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும். கெட்டியாக, கொழகொழவென்று இருந்தால் சரி. நுரையும் தண்ணீருமாக இருந்தால் அது எச்சில். வீட்டுக்குள் செய்யாமல் மொட்டைமாடியிலோ வாசலிலோ செய்யச் சொல்லுங்கள். அம்மாவுக்குச் சளியே வரவில்லை என்றால் அவருக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

ஒருவேளை காசநோய் என்றே வந்தாலும், சாதாரண வகைக்கு ஆறு மாத மாத்திரை, வீட்டிலிருந்தே சாப்பிடலாம். வீட்டில் வைத்து மருத்துவம் பார்ப்பது, சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் தங்கவைத்துப் பார்ப்பதற்குக் குறைந்ததல்ல என்று 1959-ல் உலகத்துக்கு நிரூபித்ததே சென்னையில் நடந்த ஆய்வுதான். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாய் அரசு கொடுக்கிறது.

இனி அப்பா.

அவர் ஆலையில் எந்தப் பிரிவில் இருந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. கேளுங்கள். பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோ ரூம், கார்டிங் என்றால் தூசி மிக அதிகம். கோன் வைண்டிங், பேக்கிங் என்றால் குறைவு. இன்னொன்றும் கேளுங்கள்: வேலையில் இருந்த காலத்தில், வார விடுமுறை முடிந்து ஆலைக்குப் போன முதல் நாள் மட்டும் நெஞ்சு இறுக்கிப் பிடித்து, அடுத்தடுத்த நாட்களில் சரியாகிவிடுமா? ஆம் என்றால் பஞ்சுத் தூசி நோயை நினைக்க வேண்டும். ஆரம்பத்தில் அந்த ஒரு நாள் தொல்லையாக இருப்பது, வருஷக்கணக்கில் தூசியிலேயே இருந்தால் வாரம் முழுக்க நீடித்து, கடைசியில் நிரந்தரமான மூச்சுக்குழாய் அடைப்பாக முடியலாம். இந்தக் கேள்வியை அவரிடம் இதுவரை எந்த மருத்துவரும் கேட்டிருக்க மாட்டார் என்பது என் ஊகம். "என்ன வேலை?" என்று கேட்டு, "மில்லு" என்று பதில் வந்ததும் மருந்துச் சீட்டு எழுதிவிடுகிறோம்.

பீடியை விட்டது பெரிய காரியம். சிகரெட்டைவிடச் சிறியது என்பதால் பீடி தீங்கில் குறைந்ததல்ல. அணைந்துவிடாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. புகையை விட்ட முதல் சில வாரங்கள் சளி கூடினாலும் கூடும். பிறகு மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைய வேண்டும். ஆறு வருஷம் ஆகியும் தினமும் அரை மணி நேரம் என்றால், "பழைய பீடிச் சளி" என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. சிஓபிடி என்னும் நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் இருக்கலாம். சிறுவயதில் வந்த கக்குவான், அம்மை, எப்போதோ வந்து ஆறிய காசநோய் இவற்றால் மூச்சுக்குழாய்கள் விரிந்து, அங்கே சளி தேங்கலாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

எக்ஸ்ரே நார்மல் என்றார்களே என்பீர்கள். தண்ணீர்க் குழாயைப் போட்டோ எடுத்தால், தண்ணீர் எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று அதில் தெரியாது. எக்ஸ்ரேயும் அப்படித்தான். காசநோய்த் தழும்பு, கட்டி, நீர்க்கோவை, இதய வீக்கம் போன்றவற்றைக் காட்டும். மூச்சுக்குழாய் சுருங்கியிருப்பதை ஆரம்ப நிலையில் காட்டாது. அதற்கு ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனை வேண்டும். 2016-ல் இந்தியாவில் சிஓபிடி உள்ளவர்கள் சுமார் ஐந்தரைக் கோடிப் பேர் என்று மதிப்பிட்டார்கள். அவர்களில் எத்தனை பேர் ஒருமுறையாவது அந்தக் குழாயில் ஊதியிருப்பார்கள்? பிரஷரைப் பார்க்காமல் பிரஷர் மாத்திரை கொடுத்தால் சண்டைக்கு வருவோம். ஊதிப் பார்க்காமல் வருஷக்கணக்கில் இளைப்பு மருந்து கொடுப்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறோம்.

பரிசோதனையில் வலி எதுவும் இல்லை. மூக்கில் ஒரு கிளிப் மாட்டுவார்கள். வாயில் அட்டைக் குழாய். மூச்சை முட்ட முட்ட இழுத்து, ஒரே வீச்சில் வெடித்ததுபோல ஊத வேண்டும். பக்கத்தில் நிற்கும் டெக்னீசியன் "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்" என்று ஆறு விநாடியாவது விடமாட்டார். குறைந்தது மூன்று முறை. பிறகு மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தைக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். ஊதிய மொத்தக் காற்றில் முதல் விநாடியில் எவ்வளவு வெளியேறியது என்று பார்ப்பதுதான் விஷயம். மருந்துக்குப் பிறகும் அந்த விகிதம் 0.70-க்குக் கீழே இருந்தால் அடைப்பு இருக்கிறது. சளியின் அளவுக்கும் இந்த விகிதத்துக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. கோப்பை கோப்பையாகச் சளி வருபவரின் விகிதம் நன்றாக இருக்கலாம். சளியே இல்லாதவர் பாதிக் காற்றை இழந்திருக்கலாம். சளியைப் பார்த்து எடைபோட முடியாது என்பதால்தான் ஊதிப் பாருங்கள் என்கிறேன். உங்களுக்கு மதுரை பக்கம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவிலோ, தோப்பூரில் உள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையிலோ விசாரியுங்கள்.

போவதற்கு முன் ஒரு வாரம் அப்பாவின் காலைச் சளியை வாய் அகன்ற, மூடி போட்ட ஒரு கண்ணாடி பாட்டிலில் துப்பச் சொல்லிப் பாருங்கள். அருவருப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு ஸ்பூனா, அரை டம்ளரா என்பது எனக்குப் பல பரிசோதனைகளைவிட உதவும். அரை டம்ளர் என்றால் மூச்சுக்குழாய் விரிந்திருக்கிறதா என்று சிடி ஸ்கேன் எடுக்கத் தோன்றும். நிறத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். பச்சை நிறம் வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு நொதியால் வருவது. பச்சை என்றாலே ஆன்டிபயாடிக் என்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கிவிடாதீர்கள். வழக்கத்தைவிடச் சளி கூடி, நிறம் மாறி, மூச்சு வாங்குவதும் அதிகமானால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

அடைப்பு உறுதியானால் இன்ஹேலர் எழுதுவார்கள். "பம்ப் பிடிச்சா விட முடியாது" என்று தெருவில் உடனே சொல்வார்கள். கணக்கைப் பாருங்கள்: மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து. இன்ஹேலரில் ஒரு அழுத்தலுக்கு 100 மைக்ரோகிராம், அதாவது மாத்திரையில் நாற்பதில் ஒரு பங்கு. அதுவும் நேராகப் போக வேண்டிய இடத்துக்குப் போகிறது. மாத்திரைக்குப் படபடப்பும் கைநடுக்கமும் வரும் வாய்ப்பு அதிகம். ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவையோடு எடுக்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் என்றால் பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். சளியை எடுக்க நெஞ்சு வலிக்க இருமத் தேவையில்லை. மெதுவாக நாலைந்து ஆழ்ந்த மூச்சு, பிறகு வாயை அகலத் திறந்து "ஹா" என்று சத்தம் வர வேகமாக ஊதுவது. இதை மாற்றி மாற்றிச் செய்தால் அரை மணி நேரம் பத்து நிமிஷமாகலாம். பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை கூட இருந்து சொல்லிக்கொடுத்தால் நல்லது. இழந்த நுரையீரல் திறன் திரும்பாது; ஆனால் புகையை விட்டவருக்கு அந்தத் திறன் சரியும் வேகம் புகைக்காதவர் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்பது மேற்கு லண்டனில் ஆண்களை 1961 முதல் எட்டு வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வில் தெரிந்தது. அதனால் "இனிமே விட்டு என்ன" என்று அப்பாவின் நண்பர் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வருஷம் ஒருமுறை ஃப்ளூ தடுப்பூசியும், நிமோனியா தடுப்பூசியும் அவருக்குப் போடுவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

அம்மாவின் விஷயத்தில் எனக்கு முதல் சந்தேகம் அந்த பிரஷர் மாத்திரை மேல்தான். அட்டையை எடுத்துப் பின்பக்கம் சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் பாருங்கள். எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில், பெரிண்டோப்ரில் என்று "ப்ரில்" என முடிகிறதா? இந்த வகை மருந்து, இருமலைத் தூண்டும் பிராடிகைனின் என்ற பொருளை உடைய விடாமல் தேங்க வைக்கிறது. சாப்பிடுபவர்களில் சிலருக்கு, ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாக, தொண்டையில் அரிப்பும் வறட்டு இருமலும் வரும். மாத்திரை தொடங்கிய வாரமே வரலாம், பல மாதம் கழித்தும் வரலாம். அதனால்தான் "ரொம்ப நாளாச் சாப்பிடுற மாத்திரைதானே" என்று யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், பிரஷர் எகிறும். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் இருமலைச் சொன்னால் லோசார்டான், டெல்மிசார்டான் போல வேறு வகைக்கு மாற்றுவார். மாற்றி மூன்றாம் நாளே "நிக்கலையே" என்று பழைய மாத்திரைக்குத் திரும்ப வேண்டாம். பெரும்பாலும் ஒன்றிலிருந்து நாலு வாரத்தில் நிற்கும். சிலருக்கு மூன்று மாதம் ஆகும்.

அட்டையில் அம்லோடிபின் என்று மட்டும் இருந்தால் என் சந்தேகம் தவறு. அப்போது இளைப்புச் சத்தமே இல்லாமல் இருமலாக மட்டும் வரும் ஆஸ்துமா, இரவில் மேலேறும் வயிற்று அமிலம், மூக்கின் பின்பக்கம் தொண்டையில் வடியும் சளி ஆகியவற்றைத் தேட வேண்டும். அவரும் ஊதிப் பார்க்கட்டும். எத்தனை வருஷம் விறகடுப்பில் சமைத்தார், படுக்கும் அறையில் கொசுவர்த்திச் சுருள் எரிகிறதா என்பதும் முக்கியம். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு அதன் பக்கத்தில் படுப்பதற்குக் கொசுவலை எவ்வளவோ மேல்.

இன்னொன்று, மகள் என்பதால் உங்களால்தான் கேட்க முடியும். இருமும்போது அம்மாவுக்குச் சிறுநீர் கசிகிறதா? இந்த வயதுப் பெண்களில் நிறையப் பேருக்கு இருக்கிறது; கல்யாண வீட்டுக்குப் போவதையும் பஸ் பயணத்தையும் இதற்காகவே நிறுத்திவிட்டு, மூட்டுவலி என்று காரணம் சொல்வார்கள். இருமல் அடங்கினால் பாதி சரியாகும், மீதிக்கு இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சி இருக்கிறது.

கைவைத்தியம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் நடந்துகொண்டுதான் இருக்கும். சர்க்கரை நோய் இல்லையென்றால் அம்மாவுக்குத் தேன் கொடுங்கள், தொண்டைக்கு இதமாக இருக்கும். வெந்நீர் நல்லது. ஆவி பிடிப்பதில் நான் பார்த்த பெரிய பலன் மூக்கடைப்புக்குத்தான். வயதானவர் மடியில் கொதிநீர்ப் பாத்திரத்தை வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இருமல் சிரப்பைக் கேட்டு வாங்குவதை நிறுத்துங்கள். இருமலை அமுக்கும் சிரப், சளியோடு இருமும் அப்பாவுக்கு உதவாது. தூக்கம் தரும் வகை, அறுபது தாண்டியவரை ராத்திரி பாத்ரூம் போகும் வழியில் விழவைக்கும். புராஸ்டேட் வீக்கம் இருந்தால் சிறுநீரையும் கட்டிவிடும். பொட்டலமாக மடித்துத் தரும் பெயர் தெரியாத மாத்திரை வேண்டவே வேண்டாம். பெரும்பாலும் அதில் ஒரு ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு நாள் சொர்க்கமாக இருக்கும், நோய் மறைந்துகொள்ளும்.

சளியில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, சாயங்காலக் காய்ச்சல், மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மல், படுத்தால் மூச்சு முட்டிக் காலும் வீங்குவது, வருஷக்கணக்கில் ஒரே மாதிரி இருந்த இருமலின் சத்தமோ தன்மையோ திடீரென்று மாறுவது: இதில் எது இருந்தாலும் மதுரைக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், பக்கத்து மருத்துவமனையில் உடனே காட்டுங்கள். பீடி குடித்தவருக்கு நுரையீரல் புற்றுநோய் இல்லை என்பதையும் பார்த்தாக வேண்டும்.

போகும்போது பழைய எக்ஸ்ரே படங்கள் இரண்டையும், அறிக்கையை மட்டும் இல்லாமல் படத்தையே, கையோடு கொண்டுபோங்கள். இருவரின் மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். அப்பா ஆலையில் எந்தப் பிரிவில், எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை இருந்தார் என்று ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். பஞ்சுத் தூசி நோய், ஈஎஸ்ஐ என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் தொழில் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. நோய் உறுதியானால் என்ன கிடைக்கும் என்று கிளை அலுவலகத்தில் கேட்கலாம். ஈஎஸ்ஐ-யில் ஐந்து வருஷமாவது இருந்து வயது முதிர்வில் ஓய்வு பெற்றவர், வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டித் தனக்கும் மனைவிக்கும் மருத்துவ வசதியைத் தொடரவும் வழியுண்டு. அப்பாவின் பழைய ஈஎஸ்ஐ அட்டை வீட்டில் எங்காவது இருக்கும், தேடிப் பாருங்கள்.